வன்னியின் ஆதிமனித நடமாட்டத்தைப் புள்ளிவிபர மாதிரியுருவால் மீட்டெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

வட இலங்கையின் வன்னியில் இதுவரை பதிவான தொல்லியல் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் வீதிகளையும் குளக்கட்டுகளையும் வயல்வெளிகளையும் ஒட்டி நெருங்கி நிற்கும். காட்டுப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆதிமக்கள் குளத்தை நம்பியே வாழ்ந்தார்கள் என்று இதிலிருந்து எழுதிவிடுவது சுலபம். ஆனால் கட்டுக்கு மண் வெட்டும்போதும் வாய்க்கால் தோண்டும்போதும்தான் தாழியும் ஓடும் வெளியே வருகின்றன; வாகனம் போகும் இடத்துக்குத்தான் ஆய்வாளரும் போகிறார். அந்தப் புள்ளிகளுக்குள் பண்டைய மனிதரும் இருக்கிறார், அவரைத் தேடியவரும் இருக்கிறார். இருவரையும் பிரித்தெடுக்கத்தான் மாதிரியுரு (நடந்ததைக் கணக்கால் போலச் செய்து பார்க்கும் மொடல்) தேவைப்படுகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் காலம் கி.மு. 1500 முதல் கி.பி. 300 வரை: நுண்கற்கருவிகளின் கடைசிக் காலம், ஆதி இரும்புக்காலம், குளப்பாசனத்தின் தொடக்கம். கணிப்பொறியில் புள்ளிவிபரக் கணக்குக்கு 'ஆர்' மொழியும், அதன் 'ஆர்காபன்' தொகுப்பும், காபன் காலக்கணிப்புக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'ஒக்ஸ்கால்' மென்பொருளும், வரைபடத்துக்குக் 'கியூஜிஐஎஸ்'ஸும் போதும். சாதாரண மடிக்கணினி தாங்கும்.

கேள்வியைச் சுருக்குதல்

"வன்னியில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள்?" என்ற கேள்விக்கு இந்த முறைகளில் விடை இல்லை. அடுப்புக் கரியின் அளவு மக்கள்தொகையோடு நேராக ஏறி இறங்குவதில்லை. ஒரே குடும்பம் வருடத்துக்கு நான்கு இடத்தில் அடுப்பு மூட்டியிருக்கலாம். கேட்கத் தகுந்த கேள்விகள் மூன்று. ஒரு நடவடிக்கை எப்போது தொடங்கி எப்போது ஓய்ந்தது? நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அதன் செறிவு கூடியதா குறைந்ததா? நிலத்தில் எந்த வகை இடத்தை மக்கள் விரும்பினார்கள்? மூன்றுக்கும் மாதிரியுரு வேறு வேறு. எதைக் கேட்கிறீர்கள் என்று தரவைத் தொடுமுன்னரே ஒரு தாளில் எழுதி வையுங்கள். விடையைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றும் சபலம் எல்லோருக்கும் வரும்.

தரவுத் தாள்

ஒரு காலக்கணிப்புக்கு ஒரு வரிசை. ஆய்வுக்கூடக் குறியீடு, காபன் ஆண்டு (மிஞ்சிய கதிரியக்கக் காபனை அளந்து கணித்த, இன்னும் திருத்தாத வயது), அதன் வழு (± அளவு), பொருள் (கரி, தானியம், சிப்பி, எலும்பு), மர இனம் தெரிந்தால் இனம், அகழ்வுக்குழி, மண்படை, ஆழம், இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு, எங்கே வெளியானது. குறியீடு இல்லாத காலக்கணிப்பைத் தாளில் வையுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

தாளில் மறைந்திருக்கும் பொறிகள் பல. பழைய பட்டியல்கள் சிலவற்றில் காபன் ஆண்டு 5730 ஆண்டு அரைவாழ்வுக் காலத்தால் கணக்கிடப்பட்டிருக்கும். அளவுத்திருத்த வளைகோடுகளோ (காபன் ஆண்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றுபவை) 5568 ஆண்டுக் கணக்கை எதிர்பார்க்கின்றன. அப்படியானால் எண்ணை 1.029 ஆல் வகுக்க வேண்டும்; 2900 என்பது 2818 ஆகிவிடும். இன்னொன்று, "இற்றைக்கு முன்" என்பதன் இற்றை 1950. மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைச் சொல்லும் ஒளித்தூண்டல் காலக்கணிப்போ, மாதிரி அளக்கப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணப்படுவது. 2015 இல் அளந்து 5000 ஆண்டு என்று வந்ததைக் காபன் கணிப்போடு ஒரே தாளில் வைக்கும்போது 65 ஐக் கழித்து 4935 என்று எழுதுங்கள்.

இடக் குறிப்பில்தான் வன்னித் தரவு அதிகம் பிசகுகிறது. பழைய நில அளவைப் படங்கள் கண்டாவளை ஆதாரப்புள்ளியை (அகலாங்கு நெட்டாங்கை அளக்கும் அடிப்படையை) பின்பற்றியவை. அதை ஜிபிஎஸ்ஸின் ஆதாரப்புள்ளி என்று தவறாக எண்ணி ஏற்றினால் இடம் ஏறத்தாழ 200 மீற்றர் விலகி விழும். குளத்தின் கரையில் இருந்த தாழிக்காடு தண்ணீருக்குள் போய்விடும். வரைபடச் சதுரக் கட்டத்தின் தொடக்க எண்ணையும் பாருங்கள்: பழைய கட்டத்தில் அது 200,000 மீற்றர், 1999 ஆம் ஆண்டுக் கட்டத்தில் 500,000 மீற்றர். எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டு, செய்மதிப் படத்தின்மேல் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி கிடையாது.

எந்தக் கரியை நம்பலாம்

வன்னிக் காட்டின் வலிய மரங்களான பாலை, முதிரை, கருங்காலி, வீரை மெதுவாக வளர்பவை. பாலை மரத்தின் நடுவைரம் வெட்டப்பட்ட நாளிலேயே மிகப் பழையதாக இருக்கும். அதை எரித்த கரி அடுப்பின் வயதைச் சொல்லாது, அந்த வளையம் உருவான வயதைச் சொல்லும். ஆகவே நெல், வரகு, சாமை போன்ற கருகிய தானியம், விதை, சுள்ளி என்பவற்றுக்கே முதலிடம். இனம் அறியப்படாத கரிதான் இருக்கிறதென்றால், ஒக்ஸ்காலில் உள்ள கரிக்கான விலகல் மாதிரியுருவைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கரியும் உண்மை நிகழ்வைவிடக் கொஞ்சம் பழையதாக இருக்கலாம் என்று அது எடுத்துக்கொள்ளும்.

கரி எங்கிருந்து வந்தது என்பதும் கேள்வி. சேனைக்குக் காடு எரித்த கரியும் காட்டுத்தீக் கரியும் மண்ணில் கலந்திருக்கும். கறையானும் மரவேரும் கோடையில் பிளக்கும் மண்ணும் சின்னத் துண்டுகளை மேலும் கீழும் நகர்த்தும். அடுப்பு, சூளை, தாழிக்குள் அடைத்த மண் போன்ற மூடிய சூழலிலிருந்து எடுத்ததற்கு 'அ' என்றும், படையில் பரவலாகக் கிடந்ததற்கு 'ஆ' என்றும், தெளிவில்லாததற்கு 'இ' என்றும் தரம் போடுங்கள். கணக்கை 'அ' மட்டும் வைத்து ஒரு தடவையும், 'அ'வும் 'ஆ'வும் சேர்த்து ஒரு தடவையும் ஓட்ட வேண்டும்.

சிப்பிக்கு வேறு கவனம். கடல் உயிர்களின் காபன் நிலத்துக் காபனைவிடப் பழையதாகத் தெரியும். அதற்குக் கடலுக்கான மரைன்20 வளைகோடும் உள்ளூர்த் திருத்த எண்ணும் வேண்டும். நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற களப்புகளில் ஆற்றுநீரும் கடல்நீரும் பருவத்துக்குப் பருவம் கலப்பதால் ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மன்னார்ப் பக்கச் சுண்ணக்கல் நிலத்து நன்னீர்ச் சிப்பியில் கல்லின் பழைய காபனும் ஏறியிருக்கும். கரியும் சிப்பியும் ஒரே குழியில் சேர்ந்து கிடைத்தால் இரண்டையும் கணிப்பியுங்கள். அந்த இடைவெளியிலிருந்து உள்ளூர்த் திருத்தத்தைக் கணக்கிடலாம். எலும்பில் காலம் கணிக்க உதவும் கொலாஜன் என்ற புரதம் இந்த வெப்ப மண்ணில் அரிதாகவே மிஞ்சும். மிஞ்சினாலும் காபன்–நைதரசன் அணு விகிதம் 2.9 க்கும் 3.6 க்கும் இடையில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அளவுத்திருத்தம், அதன் நடுவே ஒரு மேட்டுநிலம்

வடவரைக்கோளத்துக்கான இன்ட்கால்20 வளைகோட்டை முதன்மையாக வையுங்கள். தென்மேல் பருவக்காற்று தென்னரைக்கோளக் காற்றைக் கொண்டுவருகிறதே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் வன்னியின் தாவர வளர்ச்சி பெரும்பாலும் வடகீழ்ப் பருவ மழையில் நடப்பது. இரு அரைக்கோளங்களுக்கும் சராசரி வேறுபாடு 36 காபன் ஆண்டுதான். தென்னரைக்கோள வளைகோட்டைப் பாதியளவு கலந்து இன்னொரு ஓட்டம் செய்து, முடிவு மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

உண்மையான தலைவலி வேறு. கி.மு. 800 க்கும் 400 க்கும் இடையில் திருத்த வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது; இதை ஹால்ஸ்ரற் மேட்டுநிலம் என்பார்கள். எண்ணில் பாருங்கள்: 2700±30 என்ற அளவீடு திருத்தத்துக்குப் பின் சுமார் கி.மு. 905–805 என்று நூறு வருடத்துக்குள் அடங்குகிறது. 2450±30 என்பதோ அதே துல்லியத்தோடு அளந்தும் சுமார் கி.மு. 750–410 என்று மூன்றரை நூற்றாண்டுக்கு நீண்டுவிடுகிறது. பொம்பரிப்புத் தாழிக்காடு, மாமடு ஈமக்காடு, கட்டுக்கரையில் கிடைத்த கறுப்பு–சிவப்பு மட்பாண்டம் போன்றவற்றை வைத்து நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த மேட்டுநிலத்தின் மேலேயே நிற்கின்றன. கூடுதல் பணம் கட்டி வழுவை ±30 இலிருந்து ±20 ஆக்கினாலும் பெரிதாகப் பயனில்லை. பயன் தருவது மண்படை வரிசை: இது கீழே, அது மேலே என்ற உறுதியான செய்தி. அந்தக் காசுக்கு ஒரே குழியின் அடுத்தடுத்த படைகளிலிருந்து இன்னும் மூன்று தானியங்களைக் கணிப்பியுங்கள்.

ஒரே அடுப்பின் இரண்டு கணிப்புகளைச் சேர்ப்பதென்றால் முதலில் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க வேண்டும். 2480±30, 2530±30 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 50, அதன் வழு 30² + 30² இன் வர்க்கமூலம், அதாவது 42.4. 50 ஐ 42.4 ஆல் வகுத்து வர்க்கித்தால் 1.39. 95 வீத நம்பிக்கைக்கான எல்லை 3.84; அதைவிடக் குறைவு. ஆகவே சேர்க்கலாம், 2505±21 கிடைக்கும். அதே மரத்தின் வேறு வளையங்களாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கூட்டு வரைபு: தரவு போதாவிட்டால் போடாதீர்கள்

எல்லாக் காலக்கணிப்புகளின் நிகழ்தகவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி, ஏறி இறங்கும் கோட்டை மனித நடவடிக்கையின் செறிவாகப் படிப்பது இன்று பரவலான முறை. காலக்கணிப்புகளின் எண்ணிக்கையையே தரவாகக் கொள்ளும் எண்ணத்தை ஜோன் றிக் 1987 இல் பெரு நாட்டுத் தரவில் முன்வைத்தார். வெளித்தோற்றத்தில் அழகான வரைபு. ஆட்களைக் கவிழ்ப்பதும் அதுதான். இதற்குக் குறைந்தது 500 காலக்கணிப்பு வேண்டும் என்று அலன் வில்லியம்ஸ் 2012 இல் பரிந்துரைத்தார். வன்னிக்கு மட்டும் என்று எடுத்தால் அந்தத் தொகைக்கு நாம் எட்டவே இல்லை. அநுராதபுரம், யாழ்ப்பாணக் குடாநாடு, புத்தளம் கரையோரம் எல்லாம் சேர்த்து வட இலங்கை முழுவதுக்கும் ஒரு வரைபு போடலாம். அதை வன்னி என்று பெயரிட்டுவிடக்கூடாது.

போடுவதானால் இப்படி. ஒரே இடத்தில் 100 ஆண்டுக்குள் விழும் கணிப்புகளை ஒரே தொகுதியாக்குங்கள். இல்லாவிட்டால் பணம் உள்ள அகழ்வு ஒன்று தன் இருபது கணிப்புகளால் முழு வரைபையும் விழுங்கிவிடும். திருத்திய நிகழ்தகவுகளை 1 ஆகச் சரிக்கட்டும் தெரிவை அணைத்துவையுங்கள். வைக்காவிட்டால் வளைகோடு செங்குத்தாக இறங்கும் இடங்களில், குறிப்பாக கி.மு. 800 ஐ ஒட்டி, இல்லாத சிகரம் முளைக்கும். பிறகு, நடவடிக்கை மாறாமல் சீராக இருந்தது என்று வைத்து, உங்களிடம் உள்ள அதே எண்ணிக்கையில் எழுமாறாகச் செயற்கைக் கணிப்புகளை 1000 தடவை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரைபு போடுங்கள். உண்மை வரைபு அந்த ஆயிரத்தின் 95 வீதப் பட்டைக்கு வெளியே எங்கே நீட்டுகிறதோ அங்கே மட்டும் பேசலாம். பட்டைக்குள் ஆடும் ஆட்டம் எல்லாம் வளைகோட்டாலும் தற்செயலாலும் வரக்கூடிய ஆட்டம்.

பழைய படிவுகள் அழிந்துபோவதற்கு ஒரு திருத்தம் உண்டு. சுரோவெல் குழுவினர் 2009 இல் எரிமலைப் படிவுகளைக்கொண்டு தந்த சூத்திரப்படி, 3500 ஆண்டுப் பழமையான படிவுகள் 2000 ஆண்டுப் படிவுகளில் 65 வீத அளவே மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். வன்னியில் மண் அழிவதோடு குளவண்டலுக்குள் புதைவதும் நடக்கிறது. அதனால் அந்தத் திருத்தத்தைப் போட்டும் போடாமலும் இரண்டு வரைபையும் காட்டுவதே நேர்மை.

பத்துப் பதினைந்து கணிப்புகளுக்கு: கட்ட மாதிரியுரு

நமக்குப் பொருத்தமானது இதுதான். ஒக்ஸ்காலில் ஒரு தொடக்க எல்லை, நடுவே ஒரு கட்டம் (நடவடிக்கை நீடித்த காலப்பகுதி), ஒரு முடிவு எல்லை என்று அமைத்து, கட்டத்துக்குள் கணிப்புகளைப் போடுங்கள். மண்படை வரிசை தெரிந்தவற்றை வரிசையாகவே போட வேண்டும். தொடக்க எல்லையின் நிகழ்தகவுப் பரவலே "இந்த இடத்தில் எப்போது தொடங்கியது" என்ற கேள்விக்கு விடை; கணிப்புகளில் மிகப் பழையதை எடுத்துத் தொடக்கம் என்று சொல்வது பிழை, ஏனென்றால் வழு காரணமாக ஒன்றாவது எப்போதும் அதிகமாகப் பின்னோக்கிப் போகும்.

கணிப்புகள் மாதிரியுருவோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஒத்திசைவுச் சுட்டி 60 க்குக் கீழே விழுந்தால் ஏதோ ஒரு கணிப்பு வரிசையோடு மோதுகிறது என்று பொருள். உடனே அதைத் தூக்கி எறியாதீர்கள். அகழ்வுக் குறிப்பேட்டுக்குத் திரும்பி, அந்தத் துண்டு வந்த இடத்தில் குழிவெட்டு, வேர்த்துளை, எலிவளை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காரணம் கிடைத்தால் நீக்கலாம். கிடைக்காவிட்டால் விலகல் நிகழ்தகவு 5 வீதம் என்று கொடுத்து உள்ளேயே வைத்திருங்கள். ஒவ்வொரு கணிப்பின் ஒருங்கல் அளவும் (திரும்பத் திரும்ப ஓட்டினாலும் அதே விடை வருகிறதா என்பதன் அளவு) 95 க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் ஓட்டத்தை நீட்டுங்கள்.

மேற்பரப்பு ஓடுகள்

காலக்கணிப்பு இல்லாத இடங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஒவ்வோர் இடத்துக்கும் அதன் மட்பாண்ட வகையை வைத்து ஒரு கால எல்லை கொடுத்து, அதை நூற்றாண்டுத் துண்டுகளுக்குப் பகிருங்கள். கறுப்பு–சிவப்பு ஓடு மட்டும் உள்ள இடத்துக்குக் கி.மு. 900 முதல் கி.பி. 100 வரை என்று வைத்தால் துண்டு 10, ஒவ்வொன்றுக்கும் 0.1. இன்னோர் இடத்தின் எல்லை கி.மு. 300 முதல் கி.பி. 200 வரை என்றால் துண்டு 5, ஒவ்வொன்றுக்கும் 0.2. நூற்றாண்டுவாரியாகக் கூட்டுங்கள்.

இங்கே வருகிற பிழையை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: எல்லா இடத்துக்கும் ஒரே தொடக்கம் கொடுத்தால் வரைபு கி.மு. 900 இல் சுவர்போல் எழும்பும், அதைக் "குடியேற்ற அலை" என்று யாராவது எழுதிவிடுவார்கள். தொடக்க முடிவு ஆண்டுகளை நிலையான எண்ணாக வைக்காமல், ஒவ்வொரு ஓட்டத்திலும் நூறு வருடம் முன்பின்னாக எழுமாறாக நகர்த்தி 1000 ஓட்டம் செய்தால் சுவர் சரிவாகிவிடும்.

கற்கருவிகளில் இன்னும் கவனம். இரணைமடுப் படிவு என்று சிரான் தெரணியகல வகுத்த பரல்–செம்மண் படிவுகளில் குவாட்ஸ் எனும் வெங்கச்சங்கற் கருவிகள் கிடைக்கின்றன. நீர் அடித்துவந்த பரலில் கிடப்பது செய்த இடத்தில் கிடப்பதல்ல. அவற்றின் காலமும் காபன் முறையின் சுமார் 50,000 ஆண்டு எல்லைக்கு அப்பால் போகலாம். இந்த மாதிரியுருவுக்குள் அவற்றைக் கலக்க வேண்டாம்.

தேடலை மாதிரியாக்கல்

வன்னிக்கு இதுவே மையப் படி. நிலத்தை 500 மீற்றர் சதுரங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை தடவை போனோம், எத்தனை பேர், எத்தனை மீற்றர் இடைவெளியில் நடந்தோம் (20 மீற்றர் நல்லது), நிலம் எத்தனை வீதம் கண்ணுக்குத் தெரிந்தது, எந்த மாதம் என்று எழுதுங்கள். மாதம் முக்கியம்: காலபோக அறுவடைக்குப் பின் வயலும், ஆவணி புரட்டாசியில் வற்றிய குளத்தின் அடிநிலமும் நன்றாகத் தெரியும், மார்கழியில் புல்லும் சேறும்தான். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணிக்குள் கால் வைக்கக்கூடாது. அந்தச் சதுரங்களை "இல்லை" என்று எழுதாமல் "பார்க்கவில்லை" என்று வெற்றிடமாக விடுங்கள். தாளில் 0 என்று போட்டால் மாதிரியுரு அதை உண்மையான வெறுமை என்று நம்பிவிடும்.

ஒரு சதுரத்துக்குக் குறைந்தது மூன்று தடவை, முடிந்தால் வேறு குழுவோடு போங்கள். விலங்குக் கணக்கெடுப்புக்காக 2002 இல் மக்கென்சி குழுவினர் முன்வைத்த, காணாமல் விட்ட இருப்பையும் கணக்கிடும் இருப்பு மாதிரியுரு இங்கே அப்படியே பொருந்தும். 'ஆர்' மொழியில் 'அன்மார்க்ட்' தொகுப்பு அதைச் செய்கிறது. சில சதுரங்களில் மூன்றில் ஒரு தடவை மட்டும் ஓடு கண்டோம் என்ற செய்தியிலிருந்தே, ஒரு வருகையில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது கணக்கிடும். அந்த வாய்ப்பு 0.4 என்றால், மூன்று தடவையும் தவறவிடும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6 = 0.216. அதாவது உண்மையில் இடம் இருக்கும் ஐந்து சதுரங்களில் ஒன்றுக்கு மேல் நம் வரைபடத்தில் வெறுமையாக இருக்கும். அந்த அளவு தெரிந்த பிறகுதான் காட்டுப்பக்க வெறுமையைப் பற்றிப் பேச முடியும்.

இடத்தெரிவு மாதிரியுரு

இருப்பு மாதிரியுருவுக்குள்ளேயே நிலக்காரணிகளைச் சேர்க்கலாம். பத்து இடத்துக்கு ஒரு காரணி என்பது பழக்கமான வரம்பு. 40 இடம் இருந்தால் நான்குக்கு மேல் வேண்டாம். ஆற்றுக்கான தூரம் (கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, அருவியாறு), இயற்கையாகத் தண்ணீர் தேங்கும் மடு, மோட்டை, வில்லுக்கான தூரம், பாறைவெளிக்கான தூரம், மண்வகை என்பன பொருத்தமானவை. குளத்துக்கான தூரத்தை நுண்கற்கருவி இடங்களுக்குப் போடாதீர்கள். அப்போது குளக்கட்டு இல்லை. ஆதி இரும்புக்கால இடங்களுக்குப் போட்டாலும், குளமே கண்டுபிடிப்புக்குக் காரணமாக இருந்திருக்கும் என்பதால் அந்தக் காரணியைக் கண்டுபிடிப்பு வாய்ப்புப் பகுதியிலும் சேர்க்க வேண்டும்.

செய்மதி ராடார் உயரத் தரவு 30 மீற்றர் கட்டங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அடர்காட்டில் அது தரையை அளப்பதில்லை, மர உச்சியை அண்டிய உயரத்தை அளக்கிறது. வன்னி போன்ற தட்டை நிலத்தில் காடெல்லாம் மேடாகவும் வெளிநிலமெல்லாம் பள்ளமாகவும் தெரியும். அந்த உயரத்தைக் காரணியாகப் போட்டால், மக்கள் மேட்டை விரும்பவில்லை என்று மாதிரியுரு சொல்லும். உண்மையில் அது காட்டுக்குள் யாரும் தேடவில்லை என்பதைத்தான் திருப்பிச் சொல்கிறது.

சோதிக்கும்போது எழுமாறாகப் பத்தில் ஒன்றை ஒதுக்கிவைப்பது பயன்தராது. பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும். நிலத்தை 10 கிலோமீற்றர்த் தொகுதிகளாக்கி, ஒரு தொகுதியை முழுதாக மறைத்து, மற்றவற்றால் அதை ஊகியுங்கள். மன்னார்ப் பக்கத் தொகுதிகளால் முல்லைத்தீவை ஊகிக்க முடியாவிட்டால் அதுவும் முடிவுதான். இரண்டும் வேறு நிலம், ஒன்று பெரும்பாலும் சுண்ணக்கல், மற்றது பெரும்பாலும் பழைய பளிங்குருப் பாறை.

வெளியிடும்போது

மேற்பரப்பில் கண்ட ஓட்டைப் படமெடுத்து, அளந்து, அங்கேயே விடுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழ்வது குற்றம். தரவுத் தாள், நீக்கிய கணிப்புகளும் நீக்கிய காரணமும், ஓட்டிய கட்டளைக் கோப்பு, பயன்படுத்திய வளைகோட்டின் பதிப்பு, எழுமாற்று எண்ணின் விதை (எழுமாற்று ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் எண்) ஆகிய ஐந்தையும் சேர்த்து வெளியிட்டால்தான் இன்னொருவர் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியும். புதையல் தோண்டுவோர் உண்டு என்பதால் இடக்குறிப்பை மட்டும் 5 கிலோமீற்றர் கட்டத்துக்கு மழுங்கடித்துக் கொடுங்கள். துல்லியமான இடக்குறிப்புத் தொல்லியல் திணைக்களத்திடமும் பல்கலைக்கழகத் துறையிடமும் இருக்கட்டும்.